கூலியும் மரியாதையும்: கிள்ளான் தோட்டங்களும் ஆப்பிரிக்கச் சுரங்கங்களும்

சென்ற இதழில் 1938 ஜூன் மாதத்தில் நின்றோம். உதவிப் பயணத்தில் தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திய மாதம் அது. அந்தத் தடையின் பலன் மூன்று ஆண்டுகளில் கிள்ளானில் தெரிந்தது. புது ஆள் இனிக் கப்பலில் வரமாட்டான் என்றானதும், தோட்டத்தில் இருக்கிற ஆளுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குத் தேவை கூடியது. ஊருக்குப் போய் ஆள் பிடித்துக் கொண்டுவந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய கங்காணியின் வருமானம் போயிற்று; வருமானத்தோடு அவன் சொல்லுக்கு இருந்த கனமும் குறைந்தது. 1941 இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதற்கு வரலாற்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இவை. மூன்றும் சரியானவை. ஆனால் ஏன் அந்த ஆண்டில் வேலைநிறுத்தம் நடக்க முடிந்தது என்பதைத்தான் இவை சொல்கின்றன. தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள், ஏன் அதைக் கேட்டார்கள் என்பதற்கு இவற்றில் விடை கிடையாது.

அவர்கள் கேட்டவை எழுத்தில் இருக்கின்றன. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும், நோயாளிகளுக்கு ஒழுங்கான மருத்துவமும் வேண்டும். கொடுமைக்கார மேலாட்களை நீக்க வேண்டும். துரைகளும் கிராணிகளும் (தோட்டக் கணக்கர்களும்) தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். இந்தப் பட்டியலைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு அடிக்குறிப்பாகவே நம்மில் பலர் படித்திருக்கிறோம். மலாயாத் தமிழர் தங்கள் நிலையைப் பற்றித் தாங்களே காரணகாரியத்தோடு எடுத்து வைத்த ஒரு சமூக வாதமாக அதைப் படிக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி. அப்படிப் படிப்பதற்கு ஆப்பிரிக்கச் சமூகத்தையும் ஆப்பிரிக்கச் சிந்தனையையும் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளும், அந்த ஆராய்ச்சிகளை எதிர்த்து எழுந்த சண்டைகளும் பெரிய துணை.

கிள்ளானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு முதலில் இரண்டு பெயர்கள். 1941 இல் மலாய் மாநிலங்களின் உயர் ஆணையராக இருந்தவர் சர் ஷென்டன் தாமஸ். 1934 இல் சிங்கப்பூருக்கு வருமுன் அவர் நியாசாலாந்துக்கும் கோல்டு கோஸ்டுக்கும் ஆளுநராக இருந்தவர். உத்தியோகம் பழகியதே ஆப்பிரிக்காவில்தான். இன்னொருவர் மேஜர் கிரான்வில் ஆர்ட் பிரவுன். தங்கனிக்காவில் தொழிலாளர் ஆணையராக இருந்தவர். கென்யாவின் மலைவாழ் இனக்குழுக்களைப் பற்றி 1925 இல் ஒரு நூலும், ஆப்பிரிக்கத் தொழிலாளியைப் பற்றி 1933 இல் ஒரு நூலும் எழுதியவர். வட ரொடீசியாவின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1938 இல் அறிக்கை கொடுத்தார். பிறகு குடியேற்ற நாட்டு அமைச்சின் தொழிலாளர் ஆலோசகராகி, இலங்கை, மொரீஷியஸ், மலாயா மூன்றையும் பார்த்து இன்னோர் அறிக்கை எழுதினார். அது 1943 இல் லண்டனில் அச்சேறியபோது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. யாருக்கு ஆலோசனை சொன்னார் என்று கேட்டுவிடக் கூடாது. இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இங்கே விஷயமில்லை. ஆப்பிரிக்கக் கூலியையும் தமிழ்க் கூலியையும் ஒரே அலுவலகம், ஒரே வகைப் படிவத்தில், ஒரே கேள்விகளை வைத்து அளந்தது. ஆகவே ஒப்பிடும் வேலையை நாம் புதிதாகத் தொடங்கவில்லை. ஆண்டவர்கள் தொடங்கியதை மறுபக்கத்திலிருந்து தொடர்கிறோம்.

வட ரொடீசியா இன்றைய ஜாம்பியா. அங்கே செம்புச் சுரங்க வட்டாரத்தில் 1935 மே மாதம் வரி உயர்வை எதிர்த்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். லுவான்ஷ்யாவில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1940 இல் முதலில் வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். உடனே ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் இறங்கினார்கள். என்கானாவில் பதினேழு பேர் சுடப்பட்டு இறந்தனர். பக்கத்தில் வேலை செய்கிறவனுக்குக் கிடைத்தது எனக்கேன் இல்லை என்ற கேள்விதான் ஓராண்டு கழித்துக் கிள்ளானிலும் எழுந்தது. அங்கே வெள்ளையன், இங்கே சீனன். இன்னொன்றும் ஒத்துப்போகிறது. சுரங்க நிர்வாகங்கள் தொழிலாளிகளோடு நேராகப் பேசுவதை விட்டு, ஒவ்வோர் இனக்குழுவுக்கும் ஒரு பெரியவரை அமர்த்தி அவர் வழியாகப் பேசின. ஆப்பிரிக்கன் எங்கே போனாலும் தன் குலத்துக்கும் தலைவனுக்கும் கட்டுப்பட்டவன் என்பது அவர்கள் நம்பிக்கை. தோட்டத் துரைமார் கங்காணி வழியாகவும் கிராணி வழியாகவும் பேசியதன் பின்னால் இருந்ததும் இதே நம்பிக்கைதான். 1935 கலவரத்தில் லுவான்ஷ்யாப் பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நிர்வாக அலுவலகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அரசு அந்தப் பெரியவர் முறையை மற்றச் சுரங்கங்களுக்கும் விரித்தது. கண்ணுக்கு முன்னால் நடந்தது ஒன்று, கோப்பில் இருந்த ஆப்பிரிக்கன் வேறொருவன், கோப்புதான் வென்றது.

இந்தக் கோப்பை அங்கே ஓரளவுக்காவது மாற்றியவர்கள் மானிடவியலாளர்கள். 1930களின் இறுதியில் தொடங்கிய ரோட்ஸ்–லிவிங்ஸ்டன் ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் காட்ஃப்ரி வில்சன், புரோக்கன் ஹில் நகரத் தொழிலாளர்களின் வரவு செலவையும் குடும்பத்தையும் ஆராய்ந்தார். 1940 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஆப்பிரிக்கர்களோடு அளவுக்கு மீறிப் பழகுகிறார் என்று சொல்லிச் சுரங்கக் குடியிருப்புக்குள் அவர் நுழைவதை நிர்வாகம் தடுத்தது. அவருக்குப் பின் வந்த மேக்ஸ் குளக்மன், சுரங்கத்தில் வேலை செய்கிற ஆப்பிரிக்கனை முதலில் சுரங்கத் தொழிலாளியாகப் பார்க்க வேண்டும், கிராமத்திலிருந்து தவறி வந்தவனாகப் பார்க்கக் கூடாது என்று வற்புறுத்தினார். கிளைட் மிட்செல் 1956 இல் கலேலா என்ற ஆட்டத்தை ஆராய்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கத் தொழிலாளர்கள் மேனாட்டு உடுப்பில் மிடுக்காக வந்து, தங்கள் இனக்குழுவைப் புகழ்ந்தும் மற்றவர்களைக் கேலி செய்தும் ஆடிய ஆட்டம் அது. நகரத்தில் இனக்குழு என்பது கிராமத்தில் இருந்த பழைய உறவின் மிச்சமில்லை, அந்நியர் நடுவில் ஒருவரையொருவர் வகைப்படுத்திக்கொள்ளும் புது வழி என்று அவர் காட்டினார். 1958 இல் ஏ. எல். எப்ஸ்டீன் லுவான்ஷ்யாவைப் பற்றி எழுதிய நூல், 1949 இல் உருவான ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் எப்படிப் பெரியவர் முறையை எதிர்த்து நின்றது என்றும், 1953 இல் தொழிலாளர்களே வாக்களித்து அதை எப்படி ஒழித்தார்கள் என்றும் விவரித்தது.

சமூகத்தைப் பற்றிய ஆராய்ச்சி இப்படி நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், எல்லைக்கு அப்பால் சிந்தனையைப் பற்றிய ஆராய்ச்சி வேறு பாதையில் போயிற்று. வட ரொடீசியச் செம்பு வட்டாரத்தை ஒட்டியது பெல்ஜியக் காங்கோவின் கத்தங்கா மாகாணம். அங்கே ஊழியம் செய்த பிளசீட் டெம்பல்ஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி, பண்டு மக்களின் மெய்யியல் என்ற நூலை 1945 இல் எலிசபெத்வில் நகரில் வெளியிட்டார். ஆப்பிரிக்கர்களுக்குச் சிந்தனையே இல்லை என்ற பழைய வசைக்கு அது பதில். அவர்களிடம் ஒழுங்கான ஒரு மெய்யியல் உண்டு, உயிராற்றல் என்பதே அதன் மையம், ஆனால் அவர்களால் அதை எடுத்துச் சொல்ல முடியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த எலிசபெத்வில்லில்தான் 1941 டிசம்பரில் கூலி உயர்வு கேட்ட சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்த்தினிக் கவிஞர் ஏமே செசேர் 1950 இல் காலனித்துவத்தைத் தாக்கி எழுதியபோது டெம்பல்ஸை விடவில்லை. ஆப்பிரிக்கனின் மெய்யியலை மட்டும் மதித்தால் போதும், நல்ல கூலியும் வீடும் சோறும் அவனுக்குத் தேவைப்படாது என்று வெள்ளைக்காரனுக்கு ஆறுதல் சொல்லும் நூல் என்று அவர் எள்ளினார்.

செசேரின் எள்ளல்தான் கிள்ளானைப் படிக்க நமக்கு முதல் கருவி. டெம்பல்ஸ் மரியாதையைக் கொடுத்துக் கூலியைக் கழித்தார். மலாயாவின் தொழிலாளர் இலாகா கூலியைக் கணக்கிட்டு மரியாதையைக் கழித்தது. இந்தியத் தொழிலாளியின் கூலி எப்படி நிர்ணயமானது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். 1920களில் இந்தியக் குடிநுழைவுக் குழு ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, துணி, புகையிலை என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து நாட்கூலியைக் கணக்கிட்டது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற கூலி அப்படி வந்தது. 1937 இல் சீனிவாச சாஸ்திரியார் கொடுத்த அறிக்கை மீட்டுத் தரச் சொன்னதும் அந்தக் கூலியைத்தான்; 1938 தடைக்குக் காரணமாக இருந்ததும் அதைக் குறைத்த சண்டைதான். சீனத் தொழிலாளிக்கு இந்தப் பட்டியல் எதுவும் இல்லை. அவன் குத்தகைக்காரன் வழியாகச் சந்தை விலைக்குத் தன் உழைப்பை விற்றான். விலை ஏறினால் அவன் கூலியும் ஏறிற்று. தமிழனுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் நாங்கள் கொடுக்கிறோம், ஆகவே கூலி குறைவு என்பது தோட்டக்காரர் வாதம். அந்த வாதத்துக்கு அடியில் ஒரு மனித இயல்புக் கொள்கை இருக்கிறது: தமிழ்க் கூலிக்குத் தேவை இவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்படும் இயல்பு அவனுக்குக் கிடையாது. சீனனுக்குச் சமமான கூலி என்று கேட்டபோது கிள்ளான் தொழிலாளி கூடுதல் காசை மட்டும் கேட்கவில்லை. என் தேவையை நீ எழுதி வைக்காதே என்றும் கேட்டான்.

சைக்கிள் கோரிக்கைக்கு வருவோம். கூலி, பள்ளி, மருத்துவம் என்று பெரிய விஷயங்களுக்கு நடுவே இது அற்பமாகத் தெரிவதால் பலர் இதைச் சுவைக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தோட்டத்துக்கு ஆட்கள் வந்த ஊர்களை நினைத்துப் பார்த்தால் அற்பம் என்று தோன்றாது. 1930 இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலாடையிடக் கூடாது, பூச்சூடக் கூடாது. ஒருவன் எதை உடுத்துகிறான், எப்படி நடக்கிறான் என்பதில்தான் மேல் கீழ் காக்கப்படுகிறது என்பதைத் தடை விதித்தவர்களும் அறிவார்கள், தடைக்கு உள்ளானவர்களும் அறிவார்கள். தோட்டத்தில் சைக்கிள் வாங்கும் அளவுக்குக் கையில் காசு வந்தவனை, கிராணியைக் கண்டால் இறங்கி நில் என்று சொன்னால், அவன் கடல் கடந்து விட்டுவிட்டு வந்த சட்டம் சம்பளம் கொடுக்கும் வெள்ளைக்காரனின் பெயரில் மீண்டும் நடைமுறைக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியாதா? 1929 இறுதியில் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்துபோயிருந்தார், சீர்திருத்தச் சங்கங்களும் தமிழ்ப் பத்திரிகைகளும் இதே விஷயத்தைப் பத்து ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தன. சைக்கிள் கோரிக்கை ஒரு நெடிய விவாதத்தின் முடிவாக வந்தது.

இங்கே ஆப்பிரிக்க மெய்யியல் விவாதத்தின் இரண்டாம் கட்டம் உதவுகிறது. பெனின் நாட்டுச் சிந்தனையாளர் பொலான் ஹுன்டோன்ஜி 1976 இல் வெளியிட்ட நூலில் டெம்பல்ஸையும், அவர் வழியில் எழுதிய ஆப்பிரிக்கர்களையும் சேர்த்தே விமரிசித்தார். ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஒரே மாதிரி சிந்திக்கிறது, அந்தச் சிந்தனை அவர்கள் பழமொழியிலும் சடங்கிலும் ஒளிந்திருக்கிறது, அறிஞன் போய் அதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அவர் நிராகரித்தார். வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, சொன்னவர் பொறுப்பேற்று, மற்றவர் மறுக்க இடம் தரும் வாதம்தான் சிந்தனை என்று அவர் கணக்கில் எடுத்தார். இதை மலாயாவுக்குப் பொருத்திப் பாருங்கள். பணிவானவன், சொன்னதைக் கேட்பவன், தாய் தகப்பனைப் போல் துரையை நம்புகிறவன் என்று தமிழ்த் தொழிலாளியைப் பற்றித் தோட்டக்காரர்கள் எழுதியவை எல்லாம், ஒரு கூட்டத்துக்கே ஒரே மனம் என்று ஏற்றிச் சொன்ன அதே வகைக் கதைகள். அவை இகழ்ச்சியாக இருந்தன. டெம்பல்ஸ் சொன்னது புகழ்ச்சியாக இருந்தது. இரண்டிலும் பேச வேண்டியவன் பேசவில்லை. கிள்ளான் பட்டியலில் அவன் பேசுகிறான், காரணம் சொல்கிறான், ஒப்பிடுகிறான், எதிராளியைப் பதில் சொல்ல அழைக்கிறான்.

உடனே எழும் மறுப்பு, அவனா பேசினான் என்பது. தொழிலாளர் சார்பில் இந்தப் பட்டியலை முன்வைத்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1936 இல் உருவான மத்திய இந்தியர் சங்கத்தை நடத்தியவர்கள் வக்கீல்கள், வியாபாரிகள், ஆங்கிலம் படித்த உத்தியோகஸ்தர்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை செய்து பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் குடியிருந்த நடுத்தர வர்க்கம் அது. பால்வெட்டிக்கு இவர்கள் எழுதிக் கொடுத்த மனுவை எப்படி அவன் சிந்தனை என்று சொல்வது? இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. வாக்கியங்களை அமைத்தவர்கள் படித்தவர்கள் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் பட்டியலில் யார் மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துரையோடு கிராணியும் அதில் நிற்கிறான். கிராணிகளில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும். பிரிக்பீல்ட்ஸ் வர்க்கத்துக்கு உறவும் நட்பும் உடையவர்கள். தோட்டத்துக்குள் நடப்பதைத் தோட்டத்துக்குள் இருப்பவர் சொல்லாமல், தன் வர்க்கத்துக்கு எதிரான குற்றச்சாட்டை ஒரு வக்கீல் தானாகக் கண்டுபிடித்து எழுதியிருக்க மாட்டார். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். எழுதிக் கொடுத்தவர் போனால் போராட்டம் நின்றிருக்க வேண்டும். நடந்தது மறுதலை: வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. மே நடுவில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்துப் படையை இறக்க வேண்டிவந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், பலர் சிறையிலிடப்பட்டார்கள், பலர் கப்பலேற்றப்பட்டார்கள். தூண்டிவிட்டவன் ஒருவன், தூண்டப்பட்டவர்கள் மந்தை என்ற அரசாங்கக் கதைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

நைரோபிப் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஓடேரா ஒருக்கா 1970களில் தொடங்கிய ஆராய்ச்சியும் இந்த மறுப்புக்கு ஒரு விடை. கென்யக் கிராமங்களில் ஊரார் மதிக்கும் முதியவர்களைத் தேடிப்போய், பெயரைக் குறித்துக்கொண்டு, கேள்வி கேட்டு, மறு கேள்வி கேட்டுப் பதிவு செய்தார். ஊர் வழக்கத்தை ஒப்பிப்பவர் ஒரு வகை, வழக்கத்தையே எடை போட்டுப் பார்ப்பவர் இன்னொரு வகை என்று பிரித்தார். பதிவுசெய்தவரும் கேள்வி கேட்டவரும் பேராசிரியர். ஆனாலும் பதில் முதியவருடையதே. எழுதும் கை வேறொருவருடையது என்பதால் வாதத்தின் உரிமை கைமாறிவிடாது. இதற்கு ஹுன்டோன்ஜி சம்மதிப்பாரா என்றால் முழுதாகச் சம்மதிக்க மாட்டார். ஒரு கோரிக்கை மனுவை மெய்யியல் என்று அவர் ஏற்றிருக்க மாட்டார். மெய்யியல் என்ற பட்டத்தை நானும் கேட்கவில்லை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஓர் எச்சரிக்கை: சொல்லப்பட்டதை விட்டுவிட்டு இயல்பைத் தேடாதே.

இன்னொரு மறுப்பு ஒப்பீட்டையே கேள்வி கேட்கிறது. செம்புச் சுரங்கத் தொழிலாளி தன் கண்டத்தில், தன் கிராமத்துக்குத் திரும்பிப் போகும் தூரத்தில் இருந்தான். கிள்ளான் தொழிலாளி வங்கக் கடலுக்கு இப்பால் இருந்தான். அவனைச் சுற்றி மலாய்க்காரரும் சீனரும் வாழும் நாடு. இவனுக்குச் சாதி, அவனுக்கு இனக்குழு. இவற்றை ஒன்றாக்குவது தவறு என்பது உண்மைதான். ஆனால் தோட்ட லயமும் சுரங்கக் குடியிருப்பும் ஒரே வகை இடங்கள்: நிலம் கம்பெனியுடையது, வீடு வேலையோடு வருவது, வேலை போனால் வீடும் போகும், யார் உள்ளே வரலாம் என்பதை முதலாளி தீர்மானிப்பான். உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்ற கோரிக்கை இந்தப் பின்னணியில்தான் புரியும். வேறு தோட்டத்திலிருந்து பெண் பார்க்க வருகிறவனும், சங்கத்துக்கு ஆள் சேர்க்க வருகிறவனும் சட்டத்தின் கண்ணில் ஒரே அத்துமீறல்காரர்கள். அந்த வேலி விலகினால் சங்கம் தானாக உள்ளே வரும் என்று இரு தரப்பும் அறிந்திருந்தன. வித்தியாசங்கள் கோரிக்கையின் வடிவத்தை மாற்றின. கோரிக்கை எழுந்த அமைப்பு ஒன்றாகவே இருந்தது.

ஆப்பிரிக்க ஆராய்ச்சியை இப்படிப் புகழ்வது சரியா என்ற மறுப்பு ஆப்பிரிக்கர்களிடமிருந்தே வந்தது. 1971 இல் தென்னாப்பிரிக்கரான பெர்னார்ட் மகுபானே, மிட்செலையும் எப்ஸ்டீனையும் கடுமையாகத் தாக்கி எழுதினார்: உடுப்பையும் பழக்கத்தையும் அளந்தார்கள், ஆளும் அதிகாரத்தை அளக்கவில்லை என்று. அதே ஆண்டில் ஆர்ச்சி மஃபேஜே, இனக்குழு என்ற கருத்தே ஆள்பவர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஆப்பிரிக்காவின் மேல் போட்ட கண்ணாடி என்று வாதிட்டார். இருவர் சொன்னதிலும் பெரும்பகுதி நியாயம். ஆனால் அந்தச் சண்டை நடப்பதற்கு ஒரு நூல் வரிசை இருந்தது. எதிர்த்து எழுத எதிரில் ஒரு பக்கம் இருந்தது. மலாயாவில் அது இல்லை. போருக்குப் பின் ரேமண்ட் ஃபர்த் மலாயாவின் சமூக ஆராய்ச்சித் தேவைகளைப் பற்றி 1948 இல் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பின் வெளிவந்து பெயர்பெற்ற ஆய்வுகள் சிங்கப்பூர்ச் சீனர் குடும்பம், மலாய்க் குடும்பம், சரவாக்கின் மக்கள் என்று போயின. தோட்டத் தமிழன் நிர்வாகத்தின் பொருளாகவே இருந்தான்; அவனைப் பற்றிக் கணக்கு இருந்தது, கேள்வி இருக்கவில்லை. தோட்டத்தில் தங்கியிருந்து ரவீந்திர ஜெயின் எழுதிய நூல் 1970 இல்தான் வந்தது. கிள்ளான் வேலைநிறுத்தத்துக்கென்று எச். இ. வில்சன் எழுதிய தனி ஆய்வு 1981 இல் வந்தது. சம்பவம் நடந்து நாற்பது ஆண்டுகள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை தனிநாயகம் அடிகளின் தலைமையில் 1966 இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமைக்குக் குறைவு சொல்லாமலே ஒன்று சொல்லலாம்: மாநாடு நடந்த மண்டபத்துக்கும் கிள்ளான் தோட்டங்களுக்கும் இடையே இருபது மைல், சங்க காலத்துக்கு இருந்த தூரத்தை விட அது நம் அறிஞர்களுக்கு நெடுந்தூரமாக இருந்தது.

இந்த நாட்டிலிருந்தே ஒரு கருவி கிடைத்ததையும் மறக்கக் கூடாது. சையத் உசேன் அலதாஸ் 1977 இல் வெளியிட்ட நூல், மலாய்க்காரன் சோம்பேறி என்ற காலனித்துவக் கதையை எடுத்து, தோட்ட முதலாளிக்குத் தேவையான வேலையை அவன் செய்ய மறுத்ததற்கு வைக்கப்பட்ட பெயர்தான் சோம்பல் என்று நிறுவியது. மேற்கின் கேள்விகளையே திருப்பிக் கேட்கும் சிறைப்பட்ட மனத்தைப் பற்றியும் அவர் 1970களில் எழுதினார். ஹுன்டோன்ஜி வெளியாருக்காக வெளிநோக்கி எழுதும் ஆப்பிரிக்க ஆராய்ச்சியைக் கண்டித்ததும் அதே காலம். சோம்பேறி மலாய்க்காரனுக்கு இரட்டைப் பிறவி பணிவான தமிழன். முதலாவதை உடைக்க ஒரு நூல் வந்தது. இரண்டாவதற்கு அந்த அளவில் ஒன்று இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. நம் மேடைகளில் இன்றும் தோட்டப் பாட்டன் வாய்பேசா அப்பாவியாகவே வருகிறான். அனுதாபத்தோடு சொல்லப்படுவதால் அந்தக் கதை தோட்டக்காரன் கதையிலிருந்து வேறாகிவிடாது.

பட்டியலை வாதமாகப் படிப்பதென்றால் அதன் குறையையும் வாதமாகவே எதிர்கொள்ள வேண்டும். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தோட்ட வேலையில் பாதி அவர்கள் கையால் நடந்தது. பெண்களிடம் முறைகேடு கூடாது என்று பட்டியல் கேட்கிறது, கள்ளுக்கடையை மூடு என்கிறது. சீனனுக்குச் சமமாகக் கூலி கேட்கிறது. ஆனால் 50 காசுக்கும் 40 காசுக்கும் இடையே இருந்த பத்துக் காசு வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனத்துக்கு இனம் கூலி வேறுபடுவதை அநியாயம் என்று கண்ட அறிவு, ஒரே லயத்தில், ஒரே பெரட்டில் (காலை ஆள்கணக்கு வரிசையில்) நின்ற மனைவியின் கூலியைப் பார்க்கவில்லை. பெண்ணின் மானம் குடும்பத்தின் மானமாக அதில் வருகிறது. அவள் உழைப்பு அவளுடையதாக வரவில்லை. எப்ஸ்டீனின் லுவான்ஷ்யாவிலும் அரசியல் பேசுகிறவர்கள் ஆண்கள்தான். பணிவான தமிழன் என்ற கதையை மறுத்தவர்கள், பணிவான தமிழ்ப் பெண் என்ற கதையைக் கைவிடவில்லை.

பட்டியலில் இருந்த எந்தக் கோரிக்கையையும் 1941 இல் தோட்டக்காரர்கள் முழுதாக ஏற்கவில்லை. கிடைத்தது சில காசுகள் உயர்வு. ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிவிட்டார்கள். ஆயினும் கோரிக்கைகளில் ஒன்று போருக்குப் பின் வேறோர் இடத்தில் எழுந்தது. 1946 இலும் 1947 இலும் கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடையை மூடச் சொல்லி யாருக்கும் மனுக் கொடுக்கவில்லை; தாங்களே மறித்து நின்றார்கள். பீடோங்கில் போலீஸ் தடியடி நடத்தியது. மனுவிலிருந்து மறியலுக்கு வந்த அந்த ஐந்தாண்டு மாற்றத்தில் இந்திய தேசிய இராணுவத்துக்கும், சயாம் மரண ரயில் பாதைக்கும் என்ன பங்கு என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.